கனமான பவர் சப்ளை

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே சண்டை ஆரம்பித்துவிட்டது.

“கம்ப்யூட்டர் வாங்கப் போறவ விவரம் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டுப் போவா. இவ உடைசல் பிரிக்கிறவனைக் கூட்டிட்டுப் போறா,” என்றார் அப்பா. சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். எத்தனை முறை குளித்தாலும் காது மடிப்பில் ஒரு சாம்பல் கோடு மிஞ்சும். யாரிடம் பேசினாலும் சுவரைப் பார்த்துப் பேசுகிறவர், மாமா வந்தால் மட்டும் முகத்துக்கு நேராகப் பேசுவார்.

மாமா வாசலில் செருப்போடு நின்றார். அம்மாவின் அண்ணன். பழைய மோட்டார், இன்வெர்ட்டர், கம்ப்யூட்டர் எல்லாம் வந்து குவியும் யார்டில் இருபது வருஷமாக அவற்றைப் பிரித்து, செம்பு தனி, அலுமினியம் தனி, இரும்பு தனி என்று போடுகிறவர். எந்தச் சாமானையும் கையில் வாங்கி இரண்டு முறை ஆட்டிப் பார்த்து எடை சொல்லிவிடுவார். அதனால் யார்டில் ‘கிலோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

“மச்சான், நீ தலையில தூக்குறவன். எனக்குக் கையிலயே தெரியும்,” என்றார் மாமா.

“தெரியும், தெரியும். எங்களுக்கு நீ வாங்கிக் கொடுத்த மிக்சியையும் அப்படித்தான் தூக்கிப் பாத்த. பதினெட்டு நாள் ஓடுச்சு.”

“உன் வீட்டுக் கரண்டு அப்படி.”

“என் வீட்டுக் கரண்டுலதான் உன் தங்கச்சி இருபத்துமூணு வருஷமா ஓடுறா.”

அம்மா அடுப்படியிலிருந்து, “என்னை ஏன் மிக்சியோட சேக்கிறீங்க,” என்றாள். அவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மாலை ஷிப்ட். டிபன் பாக்ஸை அழுத்தி மூடும் சத்தம் கேட்டது.

மகள் இருவருக்கும் நடுவே புகுந்து வெளியே வந்தாள். கையில் ஒரு அட்டைத் துண்டு. அதில் வாங்க வேண்டியதையெல்லாம் எழுதி வைத்திருந்தாள். எழுத அவளுக்குக் காகிதம் கிடைப்பதைவிட அட்டை கிடைப்பது சுலபம். இருபத்திரண்டு வயதில் நாலு வருஷம் அட்டைப் பெட்டிக் கம்பெனியின் மடிப்புப் பிரிவில் போயிருந்தது. காலை ஆறிலிருந்து இரண்டு வரை. ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு பெட்டி. அட்டை விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும். அறுபட்ட இடத்திலேயே மறுபடி அறுத்து விரலோரம் காய்த்துப் போயிருந்தது.

அந்தக் கைவேகம் அவளுக்கு வேறொரு கதவைத் திறந்து வைத்திருந்தது. ஐந்து பேர் ஒரு குழுவாக ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. கேமிங் சென்டரில் ஆடிப் பழகி, அங்கே ‘ஊசி’ என்று பெயர் வாங்கியிருந்தாள். தூரத்திலிருந்து ஒரே குண்டு, அதுவும் நெற்றியில். இப்போது சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் ஒரு குழு அவளைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. இடம் கிடைத்தால் அட்டைக் கம்பெனிக்கு முழுக்குப் போட்டுவிடலாம். ஆனால் அவரவர் வீட்டிலிருந்து, அவரவர் மெஷினில் ஆட வேண்டும். பக்கத்துத் தெருவில் இரவல் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் இரண்டு முறை ஆட்டத்தின் நடுவே படுத்துவிட்டது. குழுவின் கேப்டன் ஒரு பெண். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“ஞாயித்துக்கிழமை நாலு மணி. அதான் கடைசி. நடுவுல போயிட்டேன்னா உனக்குப் பின்னாடி நிக்கிறவனைப் போட்டுருவேன். உன் கை எனக்குப் பிடிச்சிருக்கு. உன் மெஷின் பிடிக்கல.”

அன்று வியாழக்கிழமை.

கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கண்ணாடி மேஜைக்குப் பின்னால் கடைக்காரர், அவருக்குப் பின்னால் கூரை வரை பெட்டிகள். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “என்ன வேணும்?” என்றார். மாமாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

“என்கிட்ட கேளுங்க,” என்றாள் அவள்.

“யாருக்குப்பா கம்ப்யூட்டர், பையனுக்கா?”

“எனக்கு.”

கடைக்காரர் அட்டையை வாங்கிப் படித்தார். படிக்கும்போதே உதடு கோணியது. “பட்ஜெட் சின்னது, ஆசை பெருசு. கேம் ஆடவா? ஆபீஸ் மெஷின் ஒண்ணு ரெடியா இருக்கு, தூக்கிட்டுப் போங்க. சீட்டு விளையாடலாம்.”

“எழுதினதை எடுங்க.”

எடுத்தார். எடுத்ததையெல்லாம் மேஜையில் தட்டென்று வைத்தார். பிராசசர் போன வருஷத்து மாடல்; அதுதான் கட்டுப்படியாகும். மதர்போர்டு அதைத் தாங்குகிறவற்றில் மலிவானது. ரேமில்தான் முதல் இடறல். எட்டு ஜிபியில் இரண்டு கேட்டிருந்தாள், அவர் பதினாறில் ஒன்று வைத்தார்.

“ரெண்டா வேணும்.”

“ரெண்டு எட்டும் ஒரு பதினாறும் ஒண்ணுதாம்மா. பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா?”

“ரெண்டா போட்டாத்தான் வேகம். உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?”

மாமா சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. பதினாறை உள்ளே வைத்துவிட்டு இரண்டு எட்டை எடுத்துப் போட்டார்.

கிராபிக்ஸ் கார்டு இரண்டு. ஒன்று புதியது, சின்னது. மற்றொன்று பழையது, பெரியது, ஒரு வருஷம் ஓடியது. அவள் பழையதைக் கையில் எடுத்து விசிறியை விரல் நுனியால் சுற்றிப் பார்த்தாள். சத்தமில்லாமல் சுற்றியது. திருகாணித் தலைகள் சிதையவில்லை. முகர்ந்து பார்த்தாள். கருகின வாடை இல்லை. அட்டையில் எழுதியிருந்தது சின்ன கார்டு. கண் போனது பெரிய கார்டு.

கடைசியாக பவர் சப்ளை. மெஷின் முழுவதற்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அவள் எழுதியிருந்தது பெயர் தெரிந்த கம்பெனியுடையது. கடைக்காரர் அதை வைத்தார். மாமா எடுத்தார். இரண்டு முறை ஆட்டினார்.

“ஒண்ணரைக்கும் கீழ. உள்ள என்ன இருக்கு, காத்தா?”

“கம்பெனி சாமான் அப்படித்தான் இருக்கும்,” என்றார் கடைக்காரர். “இப்பல்லாம் லேசாத்தான் செய்றான்.”

“அது என்ன, பக்கத்துல?”

அலமாரியில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினார் மாமா. பெரிய எழுத்தில் அறுநூறு வாட்ஸ் என்று ஸ்டிக்கர். விலை கம்பெனிச் சாமானில் பாதிக்கும் கீழே. மாமா அதையும் வாங்கி ஆட்டினார். முகம் மாறியது. ஒரு தேர்ந்த ஆளுக்குத் தன் தொழில் கைகொடுக்கும்போது வரும் முகம் அது.

“ரெண்டேகால் கிலோ. பாரு பாப்பா, தூக்கிப் பாரு. டிரான்ஸ்பார்மர்ல செம்பு இருந்தாத்தான் இந்தக் கனம் வரும். ஆயிரக்கணக்குல பிரிச்சிருக்கேன். லேசானதைத் திறந்தா உள்ள ஒண்ணும் இருக்காது. கனமானதைத் திறந்தா வயிறு நிறைய இருக்கும்.”

“எடை பாத்து வாங்க இது என்ன காய்கறியா?” என்றார் கடைக்காரர்.

அந்த வார்த்தைதான் கெடுத்தது. அதுவரை மாமா யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வீம்பு பிடித்துக்கொண்டார்.

“நீ ஸ்டிக்கரைப் படிச்சு விக்கிறவன்யா. நான் குடலைப் பாத்தவன். அந்தக் காத்தடைச்ச பெட்டியை வித்தா உனக்குக் கமிஷன் கூட, அதானே?”

“உங்க இஷ்டம். ரெண்டும் என் கடைச் சரக்குதான். ஒரு வருஷம் கேரண்டி. சீலை உடைச்சா கிடையாது.”

அவள் இரண்டையும் தூக்கிப் பார்த்தாள். கறுப்புப் பெட்டி கையை இழுத்தது. பவர் சப்ளையில் கஞ்சத்தனம் பண்ணாதே என்று எல்லோரும் சொல்வது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அதை அட்டையில் முதலில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். ஆனால் கறுப்பை எடுத்தால் பெரிய கார்டு கட்டுப்படியாகும். மாமா கை பொய் சொல்லாது என்று சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். அதை நம்பினாளா, பெரிய கார்டுக்காக நம்பினமாதிரி இருந்தாளா என்பது வேறு விஷயம். மாமா ஏமாற்றிவிட்டார் என்று பிறகு முழுசாகச் சொல்ல முடியாமல் போனது இந்த இடத்தால்தான்.

“கறுப்பையே கொடுங்க. அந்தப் பெரிய கார்டும்,” என்றாள்.

அன்று சாயங்காலமே பூட்டினார்கள். வெளிக்கூடான கேபினட் மாமா யார்டிலிருந்து கொண்டுவந்தது. ஒரு பக்கம் நசுங்கியது, தட்டி நிமிர்த்தியிருந்தார். அவள் ஒவ்வொன்றாகப் பொருத்த, மாமா திருகாணி எடுத்துக் கொடுத்தார். ஒரு திருகாணி மதர்போர்டுக்கு அடியில் விழுந்தது. மாமா எப்போதும் மடியில் வைத்திருக்கும் காந்தத்தை எடுத்து, நூலில் கட்டி இறக்கி, மீன் பிடிப்பதுபோல் அதைப் பிடித்தார். இரும்பையும் செம்பையும் பிரிக்க அந்தக் காந்தம்தான் அவருக்குக் கண். அதைக் கேபினட் மேலேயே ஒட்டவைத்து மறந்துவிட்டுப் போனார்.

மெஷின் முதல் தடவையே எழுந்தது. மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார்.

“பதினெட்டு நாள் போகட்டும், பேசுவோம்,” என்றார்.

பதினெட்டு நாள் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு விளையாட்டைத் திறந்தாள். பன்னிரண்டு நிமிஷம் ஓடியது. பெரிய கார்டு காட்டிய படம் கண்ணாடி மாதிரி இருந்தது. புகைக்குள் நிற்பவனின் தோள்கூடத் தெரிந்தது. அப்புறம் திரை இருண்டது. விசிறி நின்றது. யாரோ கழுத்தைப் பிடித்தமாதிரி மெஷின் பட்டென்று அணைந்தது.

மறுபடி போட்டாள். ஒன்பது நிமிஷம். மறுபடி. ஏழு.

கார்டுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்து வைத்தால் அணையாமல் ஓடியது, ஆனால் படம் தத்தித் தத்தி வந்தது. அதை வைத்துக்கொண்டு ஊசியாக இருக்க முடியாது. கூட்டி வைத்தால் அணைந்தது. கார்டு இழுக்கிறது, பெட்டியால் கொடுக்க முடியவில்லை. வேறு அர்த்தம் கிடையாது. தரையில் உட்கார்ந்து கறுப்புப் பெட்டியைக் கழற்றினாள். சீல் திருகாணிமேல் ஒட்டியிருந்தது. உடைத்தால் கேரண்டி போகும். கேரண்டியில் கொடுத்தால் பதினைந்து நாள் வைத்துக்கொள்வான். ஞாயிறு நாளைக்கு மறுநாள். நகத்தால் கிழித்தாள்.

மூடியைத் திறந்ததும் முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டி பெரியது, உள்ளே இருந்தது சின்னது. உள்ளங்கையளவு போர்டு, தீப்பெட்டியளவு டிரான்ஸ்பார்மர். மீதி இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் சுற்றி ஒரு கட்டி, பசை வைத்து அடியோடு ஒட்டியிருந்தது. எந்த ஒயரும் அதற்குப் போகவில்லை. பிளாஸ்டிக்கைக் கிழித்தாள். சாம்பல் நிறம்.

அப்பா அப்போதுதான் வேலை முடிந்து வந்தார். எட்டிப் பார்த்தார். குனிந்து, கட்டியை நகத்தால் சுரண்டி, விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“இது என் டிபார்ட்மென்ட்,” என்றார். “சிமெண்ட். மணல் கூடப் போட்டிருக்கான், களவாணிப் பய. ரெண்டு நாள்கூட ஊற வைக்கல.”

அவள் கேபினட் மேலிருந்த காந்தத்தைப் பிய்த்துக் கட்டியில் வைத்தாள். இழுத்துக்கொண்டது. சிமெண்டுக்குள் இரும்புத் துண்டுகளும் போட்டிருந்தார்கள்.

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். வாரக் கணக்கில் சிரிக்காத ஆள், சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். “ரெண்டேகால் கிலோ. வயிறு நிறைய இருக்கும்னானே. இருக்கு, இருக்கு. நாளைக்கு அவனைக் கிடங்குக்கு வரச் சொல்லு. ஐம்பது கிலோ பவர் சப்ளை அடுக்கி வச்சிருக்கோம்.”

அவள் காதில் அது ஏறவில்லை. மூடியின் உள்மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புப் பெயிண்டுக்கு அடியில், ஓரத்தில், உளியால் போட்ட இரண்டு வெட்டு. மேலே நீளம், கீழே குட்டை.

பத்தாவது முடித்த விடுமுறையில் இரண்டு மாதம் அந்த யார்டில் மாமா பக்கத்தில் உட்கார்ந்து திருகாணி பொறுக்கியிருக்கிறாள். உள்ளே இருப்பதையெல்லாம் உருவி முடித்த பெட்டியை வேறு ஆள் மறுபடி திறந்து நேரத்தை வீணாக்காமலிருக்க, ஒவ்வொருவரும் ஒரு அடையாளம் போடுவார்கள். ஒருவன் சுண்ணாம்பு. ஒருவன் பச்சைப் பெயிண்ட். மாமா மட்டும் உளி.

மூடியை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

யார்டில் வேலை முடியும் நேரம். தகரக் கொட்டகைக்குக் கீழே மாமா ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து மோட்டாரிலிருந்து செம்புக் கம்பியை இழுத்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது.

“என்ன, உங்க அப்பன் ஏதாவது சொன்னானா?”

“மெஷின் நின்னுபோச்சு. பெட்டிக்குள்ள சிமெண்ட் கட்டி.”

“சீலை யார் உடைக்கச் சொன்னா?”

“நான்தான் உடைச்சேன். சிமெண்ட்னு சொல்றேன், சீலைக் கேக்கிறீங்க.”

“அந்தக் கடைக்காரன் கழுத்தை நெரிக்கிறேன் பாரு. நாளைக்கே வர்றேன். ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன். மூஞ்சைப் பாத்தப்பவே நினைச்சேன்.”

அவள் மூடியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். மாமா பார்த்தார். கட்டைவிரலால் அந்த இடத்தைத் தேய்த்தார். தேய்த்தால் போய்விடும் என்பதுபோல் மறுபடி தேய்த்தார்.

“இப்படி யார் வேணா வெட்டலாம்.”

“மேல நீளம், கீழ குட்டை. எனக்குத் தெரியாதா மாமா?”

அவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாளியில் உட்கார்ந்திருந்தவன் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். மாமா குரலைத் தாழ்த்தினார்.

“அடிபடாத காலிப் பெட்டியா இருந்தா ஒருத்தன் வந்து எடுத்துப்பான். முதலாளிக்கு இரும்பு விலையைவிடக் கூடக் கொடுப்பான். எதுக்குன்னு நான் கேட்டதில்ல.”

“இப்பத் தெரிஞ்சுதா?”

“எடை சரியாத்தானே சொன்னேன். ரெண்டேகால். நிறுத்துப் பாத்தியா?”

அவளுக்கு அந்த மூடியாலேயே அவரை அடிக்கலாம்போல் இருந்தது. “நாளைக்குக் கடைக்கு வாங்க. இது புதுசு இல்ல, இந்தப் பெட்டி யார்டுல நான் உருவினதுன்னு சொல்லுங்க. சொன்னா மாத்திக் கொடுத்துத்தான் ஆகணும்.”

“என்னன்னு சொல்ல? நான் குடல் உருவின பெட்டின்னா? அவன் போன் பண்ணுவான், பெட்டி வாங்குறவனுக்குத் தெரியும், அவன் எங்க முதலாளிகிட்ட சொல்லுவான். மறுநாள் முதலாளி என்னை உருவிருவான். வேற கடைக்குப் போ. வேற பெட்டி வாங்கு.”

“கையில ஒண்ணும் இல்ல. எல்லாம் கார்டுல போயிருச்சு.”

“அப்ப அடுத்த மாசம் ஆடு.”

“ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு மாமா.”

“விளையாட்டு,” என்றார் மாமா. அந்த ஒரு வார்த்தையைத் துப்பினார். “உனக்கு அது விளையாட்டு. எனக்கு இது பொழப்பு.”

“எனக்கும் அது பொழப்புதான்.”

அவர் மூடியை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். யார்டு வாசல் வரை அவர் பார்வை முதுகில் இருந்தது. அவர் கூப்பிடுவார் என்று நினைத்தாள். கம்பி இழுக்கும் சத்தம்தான் மறுபடி கேட்டது.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடைக்குத் தனியாகப் போனாள். மூடி போட்ட பெட்டியை மேஜையில் வைத்தாள். கடைக்காரர் சீல் இருந்த இடத்தைப் பார்த்ததோடு சரி.

“சீல் உடைஞ்சிருக்கு. அவ்வளவுதான்.”

“உள்ள சிமெண்ட் இருக்கு.”

“உள்ள நீ என்ன வச்சியோ எனக்கென்ன தெரியும்? உன்கூட வந்தாரே பெரிய மனுஷன், குடலைப் பாத்தவர், அவரைக் கேளு. நான் கம்பெனி சாமான் காட்டினேனா இல்லையா?”

அது உண்மை. மேஜை ஓரத்தில் ஒரு ஆளும் அவர் மனைவியும் பிரிண்டர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அவள் நின்றாள். வெளியே போய்விடலாம். திங்கள்கிழமை ஆறு மணிக்கு மடிப்பு மேஜை இருக்கும். அடுத்த வருஷமும் இருக்கும். மூடியைத் திறந்து கண்ணாடிமேல் வைத்தாள். சத்தம் கேட்டுப் பிரிண்டர்க்காரர்கள் திரும்பினார்கள்.

“இது புது சாமான் இல்ல,” என்றாள், அவர்களுக்கும் கேட்கும்படி. “உடைசல் யார்டுல காலி பண்ணின பெட்டி. இந்த வெட்டு எங்க மாமா போட்டது. காலி பண்ணினா இந்த வெட்டுதான் போடுவார். யார்டுல கிலோன்னு கேளுங்க, காட்டுவாங்க. அதுமேல பெயிண்ட் அடிச்சு உங்களுக்கு யாரோ வித்திருக்கான். நீங்க தெரிஞ்சு விக்கிறீங்களா, தெரியாம விக்கிறீங்களா, அதைச் சொல்லுங்க.”

பிரிண்டர் பார்த்த பெண் தன் கையிலிருந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் புருஷன், “நாம அப்புறம் வரலாம்,” என்றான்.

“இருங்க சார், இருங்க,” என்றார் கடைக்காரர். பிறகு அவளிடம், குரலே வராமல், “என்ன வேணும் உனக்கு?”

“எழுதிட்டு வந்தேனே, அந்தப் பெட்டி.”

அவர் எடுத்து வைத்தார். அவள் கை நீட்டியபோது மேலே தன் கையை வைத்துக்கொண்டார். “அந்த மூடி இங்க இருக்கட்டும். எனக்கு வித்தவன்கிட்ட காட்டணும்.”

அவள் கண்ணாடிமேல் கிடந்த மூடியைப் பார்த்தாள். மேலே நீளம், கீழே குட்டை. இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் பெயரைச் சொல்லியாகிவிட்டது. மூடி மட்டும் மிஞ்சி என்ன ஆகப் போகிறது. விட்டுவிட்டு, லேசான பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அது கையில் இருப்பதே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஐந்து பேரும் வரிசையில் இருந்தார்கள். அம்மா ஷிப்டுக்குப் போயிருந்தாள். அப்பா வாசலில் முக்காலியில் உட்கார்ந்து குதிகால் பித்தவெடிப்பில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மெஷின் பன்னிரண்டு நிமிஷத்தைத் தாண்டியது. இருபதைத் தாண்டியது. அவள் கேபினட்டைத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்தினாள்.

“ஊசி, பின்பக்கம் உன்னோடது,” என்றது ஹெட்செட்டில் கேப்டனின் குரல்.

“பாத்துக்கிறேன்.”

நாலே முக்காலுக்கு மாமா வந்தார். ஹெட்செட்டையும் மீறிக் குரல் கேட்டது.

“எங்க அவ? யார்டுக்கு இனிமே வராதேன்னுட்டான்டா முதலாளி. காலையில வரச் சொல்லி, எல்லார் முன்னாடியும், அந்த மூடியை எடுத்து என் முன்னாடி போட்டான். இருபது வருஷம். சொந்த மருமக காட்டிக் கொடுத்திருக்கா.”

“செருப்பைக் கழட்டிட்டுப் பேசு,” என்றார் அப்பா.

அவள் திரும்பவில்லை. புகைக்குள் ஒரு தோள் தெரிந்தது. சுட்டாள். விழுந்தான். அடுத்தவன் எங்கிருந்தோ அவளைச் சுட்டான். திரை இருண்டது, சுற்று முடியும்வரை அப்படித்தான் இருக்கும். இருண்ட கண்ணாடியில் பின்னாலிருந்த அறை தெரிந்தது. மாமா உள்ளே வந்துவிட்டார். அவருக்கு இடது பக்கம் சுவரில் மெஷினின் சுவிட்ச். அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மவுஸ்மேல் இருந்த அவள் கை அசையவில்லை. எழுந்தால் ஆட்டம் போய்விடும். எழாவிட்டாலும் போய்விடும்.

கண்ணாடியில் இன்னொரு உருவம் முக்காலியோடு வந்தது. சுவிட்சுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு, அதில் உட்கார்ந்து, சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டது.

“எந்திரி மச்சான்,” என்றார் மாமா.

“என் வீடு. என் முக்காலி.”

“இவ ஜெயிக்கணும்னு உனக்கு எப்ப ஆசை வந்துச்சு? பொழுதுக்கும் திட்டிட்டுத்தானே இருந்த.”

“இவ ஜெயிக்கணும்னு யார் சொன்னா? நீ ஜெயிக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

திரை வெளிச்சமானது. அடுத்த சுற்று. பின்னால் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். மிக்சி வந்தது. கல்யாணத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பது வந்தது. சிமெண்டில் மணல் எவ்வளவு என்பதும் வந்தது. மாமா ஒரு முறை முக்காலியின் காலை உதைத்தார். மூட்டை தூக்கிய உடம்பு நகரவில்லை. அவள் மூன்று பேரைச் சுட்டாள். அடுத்த சுற்றில் இரண்டு பேரை. கடைசிச் சுற்றில் குழு தோற்றது.

ஹெட்செட்டில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். பிறகு கேப்டன், “ஊசி. மெஷின் நிக்கலையே,” என்றாள்.

“நிக்கல.”

“பின்னாடி என்ன அது, சண்டையா?”

“வீட்டு ஆளுங்க.”

“செவ்வாக்கிழமை அஞ்சு மணிக்குப் பயிற்சி. உன் பேரை எழுதிட்டேன். அன்னைக்குக் கதவைச் சாத்திட்டு உக்காரு.”

அவள் ஹெட்செட்டைக் கழற்றினாள். அறையில் எண்ணெய் வாடையும் வியர்வை வாடையும் இருந்தது. அப்பா இன்னும் முக்காலியிலேயே இருந்தார். மாமா சுவரோரம் குந்தியிருந்தார். இரண்டு நாளில் அவர் முகத்தில் முள் முள்ளாக வெள்ளைத் தாடி வந்திருந்தது.

“கிடைச்சுதா?” என்றார் மாமா.

“கிடைச்சுது.”

“என் பேரைச் சொல்லித்தான் கிடைச்சுது.”

“உங்க பெட்டியை வாங்கினதாலதான் கைவிட்டுப் போக இருந்துச்சு,” என்றாள். “வர்றீங்களான்னு உங்களைக் கேட்டுட்டுத்தான் போனேன்.”

அவர் கேபினட்டைப் பார்த்தார். எழுந்து வந்து அதன் கைப்பிடியில் கை வைத்தார். அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. மாமா தூக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டார்.

“என் காந்தத்தைக் கொடு. காலையில வேற யார்டுல போய் நிக்கணும். அது இல்லாமப் போனா ஆளைச் சேக்க மாட்டான்.”

காந்தம் வெள்ளிக்கிழமை அவள் ஒட்டவைத்த ஜன்னல் கம்பியிலேயே இருந்தது. அவள் பிய்த்து எடுத்துக் கொடுத்தாள். வாங்கிய கை பழக்கத்தில் இரண்டு முறை ஆடியது. பாதியில் அதைக் கவனித்துவிட்டு நிறுத்தினார். மடியில் செருகிக்கொண்டு, செருப்பைத் தேடினார். உள்ளே வந்தபோது கழற்றவே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

“தரையைத் துடைச்சிட்டுப் போ,” என்றார் அப்பா.